சிறிய உழவு இயந்திரங்களுக்கு இரட்டைப் பின்சில்லுகள்

பெரும்போக மழை தொடங்கியபின் நிலத்தைப் பண்படுத்துவதற்கு ஏற்ற நாட்கள் மிகச் சிலவே. மண் காய்ந்திருக்கும்போது கலப்பை இறங்காது. அளவுக்கு மீறி நனைந்துவிட்டால் சில்லுகள் புதைந்துவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய காலத்துள் வேலையை முடிக்க விரும்பும் கமக்காரர், தமது சிறிய நாற்சில்லு உழவு இயந்திரத்தின் பின்சில்லு ஒவ்வொன்றிற்கும் வெளியே மற்றுமொரு சில்லைப் பூட்டலாமா என விசாரிப்பதுண்டு. இவ்வாறு பக்கத்திற்கு இரண்டாகப் பூட்டிய சில்லுகளையே இரட்டைச் சில்லுகள் என்கின்றோம்.

இரட்டைச் சில்லு நல்ல சாதனமே. ஆயினும் அது இயந்திரத்தின் எடையைக் குறைப்பதில்லை. எடையைப் பரப்பி வைக்கின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு அதனைக் கையாளுபவர் நன்மையடைவர். அதனை மறந்து, "இனி எந்தச் சேற்றிலும் இறங்கலாம், எவ்வளவு பாரத்தையும் இழுக்கலாம்" எனக் கருதுபவர் மண்ணின் வளத்தையும், இயந்திரத்தின் அச்சையும், சில வேளைகளில் உயிரையுமே இழக்க நேரிடும். இரட்டைச் சில்லை எங்கே பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தலாகாது, பூட்டும்போது எவற்றை அவதானித்தல் வேண்டும் என்பன இத்துண்டுப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

மண்ணில் நிகழ்வது யாது?

பலகையின் மேல் நின்று சேற்றைக் கடப்பவன் புதைவதில்லை. குதிக்காலை ஊன்றி நடப்பவன் புதைகின்றான். எடை ஒன்றே, அதனைத் தாங்கும் பரப்பே வேறு. சில்லின் நிலையும் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சிறிய உழவு இயந்திரம் ஒன்றின் பின்பக்கத்தில், உயர்த்திய கலப்பையின் எடையுஞ் சேர்த்து, 600 கிலோகிராம் பாரம் இறங்குகின்றது எனக் கொள்க. ஒரு சில்லுக்கு 300 கிலோகிராம். ரயர் மண்ணைத் தொடும் பரப்பு 500 சதுர சதம மீற்றராயின், சதுர சதம மீற்றர் ஒன்றின்மேல் 0.6 கிலோகிராம் அமுக்கம் ஏற்படும்.

இப்பொழுது ஒவ்வொன்றும் 25 கிலோகிராம் எடையுள்ள இரு சில்லுகளை வெளியே பூட்டுவோம். மொத்தம் 650 கிலோகிராம். நான்கு ரயர்களுக்கும் பகிர்ந்தால் ஒன்றிற்கு 162.5 கிலோகிராம். அமுக்கம் பாதியாகிவிட்டது எனப் பலர் எண்ணுவர். ஆனால் ரயரிலுள்ள காற்றைக் குறைக்காது விட்டால், பாரங் குறைந்த ரயர் முன்போல் சப்பையாகாது. அது உருண்டையாக நிமிர்ந்து நிற்கும். தொடுபரப்பு 300 சதுர சதம மீற்றராகச் சுருங்கினால் அமுக்கம் 0.54 கிலோகிராம். இரண்டு சில்லு வாங்கியும் கண்ட பயன் சொற்பமே. காற்றைத் தக்கவாறு குறைத்துத் தொடுபரப்பை 450 சதுர சதம மீற்றராக வைத்திருந்தால், அமுக்கம் 0.36 கிலோகிராமாக இறங்கும்.

ஆகவே, இரட்டைச் சில்லின் பயன் சில்லைப் பூட்டுவதனால் மாத்திரம் வருவதன்று. காற்றைக் குறைப்பதனாலேயே முழுமையாக வருகின்றது. எனினும் ரயர் செய்தவர்கள் குறித்துள்ள ஆகக் குறைந்த அளவிற்குக் கீழே காற்றைக் குறைத்தலாகாது. குறைத்தால் இழுவையின்போது றிம் சுழல, ரயர் பின்தங்கி, ரியூப்பின் வால்வு அறுந்துவிடும். றிம்மிலும் ரயரிலும் ஒரே நேர்க்கோடாகச் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, வேலைக்குப்பின் கோடு விலகியுள்ளதா எனப் பார்த்தால் இது வெளிப்படும்.

மேல்மண்ணின் இறுக்கம் பெரும்பாலும் ரயரின் அமுக்கத்தைப் பொறுத்தது. ஆழத்திலுள்ள மண்ணின் இறுக்கமோ அச்சில் இறங்கும் மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. அருகருகேயுள்ள இரு சில்லுகளின் அழுத்தமும் ஆழத்தில் ஒன்றுசேர்ந்துவிடும். எனவே, இரட்டைச் சில்லு இருக்கின்றதென்று முன்னிலும் பாரமான கருவிகளை ஏற்றுபவர், மேல்மண்ணைக் காத்து அடிமண்ணை இறுக்குகின்றார். அடிமண்ணின் இறுக்கத்தை மறுபோக உழவு நீக்காது.

மண்ணறிந்து இறங்குதல்

வன்னிப் பகுதியின் செங்கபில மண் உலர்ந்தால் கல்லாகும், நனைந்தால் ஒட்டும். அதனைப் பண்படுத்தத்தக்க ஈரலிப்பு சில நாட்களே நிலைக்கும். முருங்கன் பகுதியின் கருங்களிமண்ணும் நனைந்தால் சில்லைப் பற்றிக்கொள்ளும். இத்தகைய மண்களில் இரட்டைச் சில்லின் உதவி மிகுதி. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் நீர் விரைவாக வடிவதால் அதன் தேவை குறைவு. ஒரு நாள் பொறுத்து உழுவது அங்கே சில்லு வாங்குவதிலும் மலிவான வழியாகும்.

நிலம் இறங்குவதற்கு ஏற்றதா என்பதை மேற்பரப்பைப் பார்த்துத் தீர்மானித்தலாகாது. மண்வெட்டியால் உழவாழத்திற்கு வெட்டி, அங்கிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாக்கிப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். உருண்டை உதிர்ந்தால் இறங்கலாம். உள்ளங்கைகளுக்கிடையே உருட்டும்போது மெல்லிய திரியாக நீண்டால், எத்தனை சில்லு பூட்டியிருப்பினும் மேட்டுநிலப் பயிருக்காக அந்நிலத்தில் இறங்குதல் கூடாது. புதையாமற் செல்வது வேறு, மண்ணுக்குத் தீங்கின்றிச் செல்வது வேறு.

அச்சின்மேல் ஏற்படும் சுமை

கமக்காரர் பெரும்பாலும் கவனியாது விடுவது இதுவே. துலாவின் நுனியிலே தொங்கும் வாளி, அடியிலே தொங்கும் வாளியிலும் மிகுதியாகத் துலாவை வளைக்கும். அவ்வாறே வெளிச்சில்லு அச்சை மிகுதியாக வளைக்கின்றது.

முன் கூறிய இயந்திரத்தில் அச்சைத் தாங்கும் வெளிப்புறப் பெயாரிங்கிலிருந்து உட்சில்லின் நடுப்பகுதி 10 சதம மீற்றர் தூரத்திலும், வெளிச்சில்லின் நடுப்பகுதி 35 சதம மீற்றர் தூரத்திலும் உள்ளன எனக் கொள்க. ஒற்றைச் சில்லில் வளைக்கும் விசை 300 x 10, அதாவது 3,000 கூறு. இரட்டைச் சில்லில் பாரம் சமமாகப் பகிர்ந்திருக்கும்போது 150 x 10 உடன் 150 x 35 சேர்ந்து 6,750 கூறு. இது முன்னையதிலும் இரண்டேகால் மடங்கு. வரம்பைக் கடக்கையில் வெளிச்சில்லு மாத்திரம் வரம்பின்மேல் ஏறி, உட்சில்லு அந்தரத்தில் நின்றால், அப்பக்கத்துப் பாரம் முழுவதும் வெளிச்சில்லின்மேல் விழும். அப்பொழுது 300 x 35, அதாவது 10,500 கூறு, மூன்றரை மடங்கு. நிறுத்தி வைத்த நிலையிலேயே இவ்வளவாயின், வேகமாகச் சென்று வரம்பில் மோதும்போது எவ்வளவாகும் எனச் சொல்லவேண்டியதில்லை.

சிறிய இயந்திரங்களின் அச்சும் உறையும் ஒற்றைச் சில்லின் சுமைக்கென வார்க்கப்பட்டவை. எனவே, இரட்டைச் சில்லைப் பூட்டுமுன் இயந்திரத்தின் கைந்நூலில் அதற்கு இடமளிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கவேண்டும். இடமளிக்கப்படாவிடின் வழங்கிய முகவரிடம் கேட்டறியாது பூட்டலாகாது. பூட்டியபின் இரண்டு விதிகளை மீறலாகாது. வரம்பை எப்பொழுதும் நேர்குறுக்காக, இரு பக்கச் சில்லுகளும் ஒருங்கே ஏறுமாறு, ஆகத் தாழ்ந்த கியரிற் கடத்தல் வேண்டும். உட்சில்லுக்கும் வெளிச்சில்லுக்கும் இடையிலான தூரத்தைத் தேவைக்கு மேல் ஒரு விரலளவேனும் கூட்டலாகாது.

பூட்டும் முறை

1. வெளிச்சில்லின் ரயர், உட்சில்லின் ரயரோடு அளவிலும் தேய்விலும் ஒத்திருத்தல் வேண்டும். புதிய ரயரையும் தேய்ந்த ரயரையும் சேர்த்தால் ஒன்று மற்றதை இழுத்துச் சென்று தேய்க்கும். முன்சில்லுகளும் இழுக்கும் நான்குசில்லு இழுவை இயந்திரங்களில், பின்சில்லின் விட்டம் மாறினால் பற்சக்கரப் பெட்டிக்கும் கேடு நேரும்.

2. ரயரின் வரிகள் சுழலும் திசையை அவதானிக்கவேண்டும். வெளிச்சில்லைப் பெரும்பாலும் றிம்மைப் புறமாற்றியே பூட்டுவர். அப்போது வரிகளின் திசையும் மாறிவிடும். ஆதலின் இடப்பக்கத்து வெளிச்சில்லாக, வலப்பக்கத்திற்கென ரயர் மாட்டிய சில்லையே புறமாற்றிப் பூட்டவேண்டும். ரயரின் பக்கத்திலுள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழல்கின்றதா எனப் பார்த்துக்கொள்க. திசை மாறிய ரயர் சேற்றைக் கழித்துத் தள்ளாது தன்மேல் அப்பிக்கொள்ளும்.

3. இரு ரயர்களின் கீழ்ப்பகுதி, பாரம் இறங்கியபோது பக்கவாட்டிற் பிதுங்கும். அவ்வாறு பிதுங்கிய நிலையிலும் அவை ஒன்றையொன்று தொடாதிருத்தல் வேண்டும். ஏறத்தாழ 5 சதம மீற்றர் இடைவெளி போதுமானது. தொட்டு உரசினால் ரயரின் பக்கச்சுவர் கிழியும். இடையிலே கல் சிக்கினாலும் அவ்வாறே. நாள்தோறும் இடைவெளியிற் சிக்கிய கல்லையும் காய்ந்த சேற்றையும் அகற்றுக.

4. இரு றிம்களுக்கும் இடையே வைக்கும் இரும்பு வளையம் சரியான வட்டமாகவும் இரு பக்கமும் மட்டமாகவும் இருத்தல் வேண்டும். வாசர்களை அடுக்கி இடைவெளியை நிரப்புதல் ஆபத்தானது. நீண்ட போல்ட்டுகள் உறுதியான உருக்கினாற் செய்தவையாயிருத்தல் வேண்டும். கடையில் விற்கும் சாதாரண மரைக்கம்பியை வெட்டிப் பயன்படுத்தலாகாது. அது பாரத்தில் நீண்டு தளரும். நட்டின் மரை முழுவதும் போல்ட்டிற் பற்றியிருத்தல் வேண்டும்.

5. மட்டமான கடினத் தரையில் இயந்திரத்தை நிறுத்தி, முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின்னச்சின் கீழே உறுதியான மரக்குற்றியை வைத்தபின்னரே வேலையைத் தொடங்குக. ஜாக்கியை மாத்திரம் நம்பிக் கீழே கையிடலாகாது. நட்டுகளை ஒன்றுக்கெதிர் ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குக. சில்லைக் கையாற் சுழற்றி ஆட்டம் உள்ளதா எனப் பார்க்க. ஒரு மணிநேரம் ஓட்டியபின் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்குவது கட்டாயம். பின்னர் தினமும் காலையில் பரிசோதிக்க.

6. இழுவையைக் கூட்டுவதற்காக முன்னர் ரயருள் நீர் நிரப்பியிருந்தால் அதனை வெளியேற்றிவிடுக. எடையைப் பரப்புவதற்குச் சில்லைச் சேர்த்துவிட்டு, அதே சில்லில் நீரை நிரப்பி எடையைக் கூட்டுதல் முரணாகும்.

நெல் வயலில்

சேற்றுழவு செய்யும் வயலின் நிலை வேறு. பல போக உழவினால் உழவாழத்திற்குக் கீழே ஒரு கடினப் படை உண்டாகியிருக்கும். அப்படையே நீரைத் தாங்குவது. இயந்திரத்தைத் தாங்குவதும் அதுவே. இவ்வயலில் ரப்பர்ச் சில்லுகள் நான்கும் சேற்றை அப்பிக்கொண்டு வழுக்கும். ஆகவே ரப்பர்ச் சில்லுக்கு வெளியே, கம்பிப் பட்டைகள் பற்றவைத்த இரும்புச் சில்லைப் பூட்டுவதே ஏற்றது. கேஜ்வீல் என இதனைக் கூறுவர். இதன் பட்டைகளுக்கிடையே சேறு வழிந்துவிடும். இரும்புச் சில்லின் விட்டம் ரயரின் விட்டத்திலும் சிறிது குறைவாயிருப்பின், கடினமான இடத்தில் ரயரும், இளகிய இடத்தில் இரும்பும் பாரத்தைத் தாங்கும்.

இரும்புச் சில்லோடு வரம்பில் ஏறி இறங்கினால் வரம்பு சிதையும். வீதியிற் சென்றால் வீதி சிதையும். ஆதலால் வயலின் கரையிலேயே பூட்டி, அங்கேயே கழற்றுக. சில்லு சுழன்று புதையத் தொடங்கிய இடத்தில் மேலும் முடுக்கினால், கடினப் படை துளைபட்டு நீர் கீழே வடியும்; அடுத்த போகத்திலும் இயந்திரம் அவ்விடத்திலேயே புதையும்.

கையாற் பிடித்துச் செலுத்தும் இருசில்லு உழவு இயந்திரத்திலும் அச்சை நீட்டி இரும்புச் சில்லைச் சேர்க்கலாம். இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் வடிவமைத்து, இங்கிலாந்தில் உற்பத்தியான லான்ட்மாஸ்டரின் பெயராலேயே இவ்வகை இயந்திரங்களை இன்றும் பலர் அழைக்கின்றனர். இவை எடை குறைந்தனவாதலின் சேற்று வயலுக்கு இயல்பாகவே ஏற்றவை. அகலங் கூடிய சில்லுகளோடு திருப்பும்போது கைப்பிடி பலமாக வீசும். எனவே திருப்பத்தில் வேகத்தைத் தணித்து, ஒரு பக்கக் கிளச்சை மெல்லப் பிடிக்கவேண்டும்.

மரக்கறித் தோட்டத்தில்

தோட்டத்தில் இரட்டைச் சில்லு நிலத்தைப் பண்படுத்துவதற்கு மாத்திரமே உரியது. வரிசைகளுக்கிடையே களை கொத்துவதற்கோ மண் அணைப்பதற்கோ அது உதவாது. வெளிச்சில்லு பயிரை மிதித்துச் செல்லும்.

பண்படுத்தும்போதும் கருவியின் அகலத்தை அளந்து பார்க்கவேண்டும். இயந்திரத்தின் வெளி அகலம் முன்னர் 110 சதம மீற்றர். இரட்டைச் சில்லோடு 160 சதம மீற்றர் எனக் கொள்க. சுழற்கலப்பையின் அகலம் 120 சதம மீற்றராயின், பக்கத்திற்கு 20 சதம மீற்றர் சில்லு வெளியே நிற்கும். அடுத்த சாலில் வரும்போது, சற்று முன்னர் பொலபொலப்பாக்கிய மண்ணையே அச்சில்லு மிதித்து இறுக்கும். வெங்காயத்தின் வேர் ஆழமற்றது. இத்தடத்தின்மேல் அமைந்த பாத்தியில் அது வளர்ச்சி குன்றி நிற்கும். கருவி சில்லுகளின் அகலத்தை மூடாவிடின் இரட்டைச் சில்லைத் தவிர்ப்பதே நன்று. ஒரு பக்கச் சில்லைச் சாலினுள் விட்டு உழும் வட்டக் கலப்பைக்கும் இது பொருந்தாது.

மலைநாட்டின் படிமுறை நிலங்களில், அகன்ற சில்லு இயந்திரம் சரியாமற் காக்கும் என்பது உண்மையே. ஆனால் அங்கு வெளிச்சில்லு படியின் விளிம்பை அணுகுகின்றது. மழையில் ஊறிய விளிம்பு இடிந்தால் இயந்திரம் உருண்டுவிடும். விளிம்பிலிருந்து, அதற்குக் கீழுள்ள படியின் உயரத்திற்குக் குறையாத தூரத்தை விட்டே செலுத்துக.

திருப்பங்களை அகலமாக எடுக்கவேண்டும். சேர்த்துப் பூட்டிய இரு சில்லுகளும் ஒரே அளவாகவே சுழலும்; திருப்பத்திலோ வெளிச்சில்லு செல்லவேண்டிய தூரம் மிகுதி. குறுகத் திருப்பினால் ரயர் மண்ணைச் சுரண்டும், போல்ட்டுகள் தளரும். ஒழுங்கைகளிலும் வீதிகளிலும் வெளிச்சில்லுகளைக் கழற்றிவிட்டே செல்லுக; கழற்றியபின் உட்சில்லுகளுக்கு மீண்டும் உரிய காற்றை நிரப்புவதை மறத்தலாகாது.

உயிராபத்தைத் தவிர்த்தல்

ஒற்றைச் சில்லுள்ள இயந்திரம் அளவுக்கு மீறிய பாரத்தை இழுக்கும்போது சில்லு வழுக்கும். அவ்வழுக்கல் ஒருவகையிற் காவலாகும். இரட்டைச் சில்லு நிலத்தை இறுகப் பற்றுவதால் வழுக்குவதில்லை. அதற்குப் பதிலாக முன்பக்கம் உயரும். முன்சில்லு எழும்பக் கண்டவுடன் கிளச்சை மிதித்துவிடவேண்டும். இமைப்பொழுது தாமதித்தாலும் இயந்திரம் பின்புறமாகக் கவிழ்ந்து செலுத்துபவரை நசுக்கிவிடும்.

இழுக்கும் பாரத்தை எப்பொழுதும் கீழேயுள்ள இழுவைக் கொக்கியிலேயே பூட்டுக. அச்சுக்கு மேலான எவ்விடத்திலும் சங்கிலியைக் கட்டலாகாது. புதைந்த இயந்திரத்தை வெளியேற்றுவதற்குப் பின்சில்லுகளோடு மரக்குற்றியைக் கட்டி முடுக்கும் வழக்கம் மிகக் கொடியது. குற்றி மண்ணில் ஊன்றியதும் சில்லு சுழலாது நின்றுவிட, இயந்திரத்தின் உடலே அச்சைச் சுற்றிப் பின்னோக்கி எழும்பும். புதைந்தால் கருவியைக் கழற்றி, சில்லுகளின் பின்னால் மண்ணை வெட்டி, பின்னோக்கிச் செலுத்திப் பார்க்க. அன்றேல் வேறோர் இயந்திரத்தால் இழுப்பிக்க. இயந்திரத்திற்குப் பாதுகாப்புச் சட்டகம் இருப்பின் இருக்கைப் பட்டியை அணிந்தே ஓட்டுக. மட்காட்டின்மேல் எவரையும், சிறப்பாகச் சிறுவரை, ஏற்றலாகாது. வெளிச்சில்லும் உட்சில்லும் சுழலும் இடைவெளியில் விழுபவர் தப்புவதரிது.

பயனை அளந்தறிதல்

இரட்டைச் சில்லு தமது நிலத்திற்குப் பயன் தருகின்றதா என்பதைக் கமக்காரர் தாமே அளந்தறியலாம். ரயரில் ஓர் அடையாளமிட்டு, கடினத் தரையில் கருவியை உயர்த்தியவாறு சில்லு 10 முறை சுழலச் செல்லும் தூரத்தை அளக்க. பின்னர் நிலத்திற் கலப்பையை இறக்கி உழுதவாறு 10 சுழற்சிக்குரிய தூரத்தை அளக்க. முதலாவது 30 மீற்றரும் இரண்டாவது 25.5 மீற்றருமாயின், வழுக்கல் நூற்றுக்கு 15 ஆகும். உறுதியான நிலத்தில் வழுக்கல் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருப்பது தகும். ஒற்றைச் சில்லிலேயே வழுக்கல் இவ்வளவில் அடங்கி, சில்லுத்தடமும் ஆழமின்றி இருந்தால் இரட்டைச் சில்லுக்குப் பணம் செலவிடத் தேவையில்லை. ரயரின் காற்றைச் சரிசெய்தலும், கருவியின் பாரத்தைக் குறைத்தலுமே போதும்.

பயிர் வளர்ந்தபின் சில்லு சென்ற தடத்திலும் செல்லாத இடத்திலும் ஒவ்வொரு குழி வெட்டி, வேர்களை ஒப்பிட்டுப் பார்க்க. தடத்தில் வேர் பக்கவாட்டிற் திரும்பி ஓடியிருப்பின் அடிமண் இறுகியுள்ளது என அறிக.

கூலிக்கு உழுவிப்போருக்கு

சொந்தமாக இயந்திரம் இல்லாத கமக்காரரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். கூலிக்கு உழுபவர் அன்றே அடுத்த நிலத்திற்குச் செல்லவேண்டியவர். மண் ஈரமாயிருப்பினும் இரட்டைச் சில்லின் துணையால் இறங்கிவிடுவார். அவருடைய இயந்திரம் மாலையில் வெளியேறிவிடும். அது இறுக்கிய மண்ணோ நிலத்துக்குரியவரிடமே பல போகங்களுக்குத் தங்கியிருக்கும். எனவே இயந்திரத்தை இறக்குமுன் மண்ணை உருட்டிப் பார்ப்பதும், ரயரின் காற்று குறைக்கப்பட்டதா என வினவுவதும், "நாளைக்கு வாருங்கள்" எனச் சொல்லத் தயங்காதிருப்பதும் நிலத்துக்குரியவரின் கடமையாகும். அயலவர் சிலர் ஒன்றுசேர்ந்து, முதலில் வடியும் மேட்டுநிலத்தையும் பின்னர் தாழ்நிலத்தையும் உழுவதென முறைவகுத்துக்கொண்டால், உழுபவருக்கும் நாள் வீணாகாது.

இரட்டைச் சில்லைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி, தம் நிலத்தின் மண்ணையும் இயந்திரத்தின் கைந்நூலையும் காட்டி ஆலோசனை பெறலாம். சில்லை வாங்குமுன் வருதல் நன்று.